ஈப்போவில் பேசிய அண்ணாச்சி

எங்கள் வளவில் குடியிருந்து செத்துப்போன சுயம்புலிங்கம் அண்ணாச்சி மறுபடியும் பேச ஆரம்பித்தது மலேசியாவில், ஈப்போ என்கிற ஊரில், சந்தனசாமி என்கிற ஒரு மனுஷனின் வீட்டுக் கூடத்தில், அவர் எங்களிடம் தபாலில் வாங்கிய ஒரு பழைய ரெக்கார்டில், இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவில். உயிரோடு இருந்தவரைக்கும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மாதிரி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், செத்து வருஷ திவசம்கூடக் கழியாத நிலையில், கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத ஒருத்தரிடம், மழை வருவது மாதிரி இருக்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஈப்போவில் அன்றைக்கு மழையும் பெய்திருக்கிறது, துணியும் நனைந்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது, முதலில் சந்தனசாமி துணியைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்ல தரம் என்று சொல்லி விற்றீர்கள், நடுவில் ஒரு ஆள் பேசுகிறான், இது பழுதுள்ள ரெக்கார்டு, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று என் போனுக்குப் புகார் அனுப்பினார்.

என் போனுக்கு எதற்கு வந்தது என்றால், எங்கள் வளவில் படம் பிடித்து அனுப்பத் தெரிந்த போன் என்னிடம்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் வளவு என்றால் ஒரே வாசல், ஒரே கிணறு, நடுவில் நடை, இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எதிர் வீட்டில் இருமுவார்கள். முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள் நான், கோமு. எனக்கு நேர் எதிர் வீடு அண்ணாச்சியுடையது. அண்ணாச்சியின் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் மதினி. பிள்ளை குட்டி இல்லை. அண்ணாச்சி பஞ்சு மில்லில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்தவர், அங்கே ஓடுகிற இயந்திரச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது என்று பேச்சையே விட்டுவிட்டவர் என்று சொல்லுவார்கள். கேசட் வந்த காலத்தில், கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்கள் எல்லாரும் ரெக்கார்டுகளைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போட்டபோது, இவர் ஒருத்தர்தான் சைக்கிளில் போய்ப் போய் அள்ளிக்கொண்டு வந்தார். நாகஸ்வரம், படப்பாட்டு, கதாகாலட்சேபம், வேதக்கோயில் ஏசு பாட்டு, எல்லாம். அலமாரியில், கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டிரம் இருந்த இடத்தில்கூட ரெக்கார்டுகள். மதினி அவற்றைச் சக்களத்திமார் என்றுதான் சொல்லுவாள்.

மில்லை விட்டு வந்தபிறகு அண்ணாச்சிக்கு ஒரே வேலை, காலையில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மத்தியானம் வரை ரெக்கார்டு கேட்பது. மத்தியானம் ஆனதும் மதினி அடுப்படியில் இருந்து, "சோறு ஆறுது, வாங்க" என்று கூப்பிடுவாள். பதில் வராது. இன்னொரு தரம் கூப்பிடுவாள். வராது. மூன்றாவது தரம் குரல் கொஞ்சம் ஏறும், வளவு முழுக்கக் கேட்கும், அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் தட்டை எடுப்போம், ஆனால் கூப்பிடப்பட்ட ஆள் மட்டும் அசையமாட்டார். பிறகு மதினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் அவர் தோளைத் தொடுவாள். தொட்டால் எழுந்து வருவார். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து இதேதான். கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தாரா, கேட்கவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது, மதினிக்கும் தெரியாது.

ஒரு நாள் அதே மாதிரி மூன்று தரம் கூப்பிட்டாள், பதில் வரவில்லை, வராதது வழக்கம்தானே என்று போய்த் தோளைத் தொட்டாள். தோள் சில்லென்று இருந்தது. ரெக்கார்டு முடிந்துபோய் ஊசி கடைசி வரியிலேயே நின்று டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் ஓடிப்போனோம். மதினி அழவில்லை, எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதைத்தான் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "முதல் தடவை நான் கூப்பிட்டப்ப இருந்தாவளா, கோமு? நான் கூப்பிட்டது அவ்வொளுக்குக் கேட்டுச்சா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வளவில் மத்தியானம் எப்போது வருகிறது என்று தெரியாமல் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம்.

பென்ஷன் பாதியாகி, அது மருந்து மாத்திரைக்கே சரியாகப் போனபோது, சக்களத்திமாரை ஒவ்வொருத்தியாக வெளியேற்றுவோம் என்று மதினியே சொன்னாள். பழைய ரெக்கார்டு சேர்க்கிற பைத்தியங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஃபேஸ்புக்கில் அவர்களுக்கென்று ஒரு குழுவே இருக்கிறது. நான் ரெக்கார்டின் உறையைப் படம் பிடித்துப் போடுவேன். மதினி ஒவ்வொரு ரெக்கார்டையும் அனுப்புவதற்கு முன்னால் முதலில் இருந்து கடைசி வரை போட்டுக் கேட்பாள், எங்கே கீறல், எங்கே சொடக்குச் சத்தம், எந்த இடத்தில் ஊசி தாவுகிறது என்று சொல்லுவாள், அதைச் சேர்த்து நான் போடுவேன். இந்த வியாபாரத்தில் அதுதான் நாணயம். கேட்கும்போது அறையில் யாரும் பேசக்கூடாது, கதவைச் சாத்தவேண்டும், அது மதினியின் சட்டம். பிறகு ரெக்கார்டை அதன் உறையில் இருந்து வெளியே எடுத்துத் தனியாக வைப்பாள், உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் தட்டு அசைந்து அசைந்து உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். என் கடை பிஸ்கட் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, அட்டைக்குள் ஓடுகிற மடிப்பு வரி ஒன்றில் நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் வைத்து இரண்டு பக்கமும் கட்டுவாள், அப்போதுதான் வளையாது. அண்ணாச்சி செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அவர் பேசாவிட்டால் என்ன, கை பேசியிருக்கிறது.

அப்படி அனுப்பிய ஒன்றைத்தான் ஈப்போ மனுஷன் பழுது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெக்கார்டில் எப்படி ஐயா ஆள் பேசுவான், எங்களுக்கே காது குத்துகிறீர்களா என்று கேட்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசினார் என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அவர் எழுதி அனுப்பியதைப் படித்துக் காட்டினேன். கொடி, துணி, மழை. மதினி அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மில்லில் இருந்து வருகிற அண்ணாச்சி வளவு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது வானத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்றில்லாமல் சொல்லுகிற ஒரே பேச்சு அது. வளவில் நாங்கள் அவர் பேசிக் கேட்டது அது மட்டும்தான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரெக்கார்டை வரவழைத்தோம். வந்த அன்றைக்கு வளவே மதினி வீட்டில் கூடிவிட்டது. அவள் பிளேயரில் வைத்தாள். இரண்டாவது பாட்டு முடிந்தது, கொஞ்சம் சரசரப்பு, மூன்றாவது பாட்டு தொடங்கியது. திரும்ப வைத்தாள். அதேதான். மறுபக்கம் வைத்தாள். பாட்டு, சரசரப்பு, பாட்டு. சாயங்காலம் வரை வைத்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் ஊசி தேய்ந்துபோகும் என்று நான்தான் பிடுங்கி வைத்தேன்.

ஆனால் எங்களிடம் வாங்கிய மற்றவர்களிடம் இருந்து அடுத்தடுத்து வந்த போன்கள் எல்லாம் ஒரே பேச்சாகத்தான் இருந்தன. பெங்களூரில் நளினாட்சி என்று ஒரு டாக்டரம்மா, அவரிடம் அண்ணாச்சி ராத்திரி முழிப்பு உடம்புக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் ஒருத்தர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, கேட்ட சத்தத்தை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினார். நடையில் நின்று நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், முதல் தடவை ஒன்றும் புரியவில்லை, இரண்டாம் தடவை வேகமாக வாசித்தபோது, "என்ன குளிருல்லா இது, மனுசன் இருப்பானா" என்று வந்தது, வளவே சிரித்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் அதிசயப்படவில்லை. அண்ணாச்சி வெளியூர் போய்ப் பேசுகிறார், அவ்வளவுதான். தபாலாபீஸ் கவுண்டரில் இருப்பவர் பார்சலை எடைபோடும்போது, இன்றைக்கு அண்ணாச்சி எந்த ஊருக்குப் போகிறார் என்று விசாரிப்பார், தட்டிவிடாமல் தனியாக எடுத்து வைப்பார். வளவுப் பெண்கள் பார்சலுக்குத் துன்னூறு பூசி அனுப்பினார்கள். குளிர் நாட்டுக்குப் போகிற பார்சலில் ஒருத்தி பழைய கம்பளித் துணியைக்கூடச் சுற்றிவிட்டாள். வாங்கியவர்கள் எல்லாரும், பாட்டு எப்படியும் இருக்கட்டும், பேசுகிற ரெக்கார்டுதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள், குழுவில் அவர்களுக்குள் அடிதடி. மெட்ராஸில் இருந்து ஒரு வியாபாரி காரைப் போட்டுக்கொண்டு வந்து மொத்தத்தையும் தூக்கிக்கொள்கிறேன் என்றான். மதினி மாட்டேன் என்றுவிட்டாள். கொள்ளையில போவான் அடுக்கி வைத்துப் பூட்டிவிடுவான், பிறகு அவர் யாரிடம் பேசுவார் என்று என்னிடம் கேட்டாள்.

அவள் சொன்னபடி நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இப்படிப் போட்டேன்: பாட்டு நல்ல தரம். நடுவில் அண்ணாச்சி பேசுவார். என்ன பேசினார் என்று போன் செய்து சொல்கிறவர்கள் மட்டும் வாங்கவும்.

சொன்னார்கள். எல்லாரும் சொன்னார்கள். என் போனைக் காதில் வைத்துக்கொண்டு மதினி நடையில் நிற்பாள், அவர்கள் சொல்வதை எல்லாம் ம், ம் என்று கேட்பாள், கடைசியில் அதே கேள்வியைக் கேட்பாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா. நான் கூப்பிட்டது கேட்டதா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுவீர்களா. அவர்களும் பாவம், சுற்றுகிற தட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்டதற்கு எல்லாம் பதில் சொல்லுகிறவர் இல்லை, தனக்குத் தோன்றியதைப் பேசுவார், அத்தோடு சரி. டாக்டரம்மா மனசு கேட்காமல் ஒரு தடவை, என் கண்ணு எப்படி இருக்கிறாள் என்று உங்களைத்தான் விசாரித்தார் என்று சொல்லிவிட்டார். மதினி போனை என்னிடம் நீட்டிவிட்டு, அவர் என்னை அப்படிக் கூப்பிடமாட்டார், அந்த அம்மா நல்லவள், பொய் சொல்லுகிறாள் என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அண்ணாச்சி மேல் அசாத்தியக் கோபம் வந்தது. ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் புத்தி சொல்லத் தெரிகிறது, குளிரைப் பற்றிப் பேசத் தெரிகிறது, கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா. நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். விற்று வெளியே போனால்தானே பேசுகிறார் என்று, முறைப்படி ஒரு ரெக்கார்டுக்குக் காசு கொடுத்தேன், மதினி முறைப்படி அட்டை வைத்துக் கட்டினாள், தபாலாபீஸில் கொடுத்து என் விலாசத்துக்கே அனுப்பி, தபால்காரர் கையால் வாங்கினேன். அண்ணாச்சியின் பிளேயரை என் வீட்டுக்குத் தூக்கி வந்து வைத்தோம். முதலில் நான் அவரிடம் சண்டை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, மதினியை அவள் வீட்டிலேயே இருக்கச் சொன்னோம்.

முதல் பாட்டு முடிந்ததும் செருமல் சத்தம் வந்தது. அண்ணாச்சியேதான். கோமு, அந்தப் பருப்பு மூட்டையைச் சுவரை ஒட்டிப் போடாதே, ஈரம் ஏறும் என்றார். பிறகு ஒவ்வொருத்தராக விசாரித்தார், வளவில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுகிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை, கதவைத் திறந்து, மதினி ஓடி வாங்க என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். என் வீட்டு வாசற்படியில் கால் வைத்தாள். அண்ணாச்சி பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. வெறும் சரசரப்பு. அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், காலைப் பின்னால் எடுத்தாள். உடனே விட்ட இடத்தில் இருந்து பேச்சு வந்தது. மறுபடி கால் வைத்தாள், நின்றது. எடுத்தாள், வந்தது. அவள் மெதுவாகப் பின்னுக்கு நடந்து, கிணற்றடி தாண்டி, தன் வீட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டு நின்றாள். அண்ணாச்சியின் அடங்கிய குரல் அத்தனை தூரம் அவளுக்கு எட்டாது. நான் வாசலில் நின்று, அண்ணாச்சி சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமாக நடைக்கு அந்தப் பக்கம் கத்திச் சொன்னேன். பருப்பைப் பற்றி, கிணற்றுக் கயிற்றைப் பற்றி, முருங்கை மரத்தில் கம்பளிப்புழு பற்றி. இரண்டு பக்கமும் முடிந்தது. அவளைப் பற்றி ஒன்றுமில்லை. சரி கோமு, தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறது, தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டாள்.

ஏன் நின்றது என்பதற்கு வளவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெட்கம் என்றார்கள். மில் பழக்கம் என்றார்கள். பெண்டாட்டி முன்னால் பேசி அவருக்குப் பழக்கமில்லை, அதற்கு இனிமேலா பழகுவார் என்றார்கள். மதினி ஒரு காரணமும் சொல்லவில்லை, விற்றுக்கொண்டே இருந்தாள். விற்றால்தான் அவர் பேசுவார், பேசினால்தான் என்றைக்காவது ஒரு நாள் சொல்லுவார். அலமாரி காலியானது, கட்டிலுக்கு அடியில் காலியானது, பரண் காலியானது, அரிசி டிரம் மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. மதினி, இத்தோடு நிறுத்துங்கள், கொஞ்சமாவது வீட்டில் இருக்கட்டும் என்று நான் சண்டை போட்டேன். வீட்டில் இருந்தால் வெறும் பாட்டுதானேட்டி என்றாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த நாகஸ்வர ரெக்கார்டு, அண்ணாச்சி செத்த அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு உலகம் பூராவும் ஆள் காத்திருந்தது. மதினி யாருக்கும் தரவில்லை, ஈப்போ சந்தனசாமிக்குத் தரச் சொன்னாள்.

அண்ணாச்சியைப் பழுது என்று திருப்பி அனுப்பிய ஆள். அதற்குப் பிறகு, திருப்பி அனுப்பியது பிசகு, அன்றையில் இருந்து என் வீட்டில் பேசுவதற்கு யாரும் இல்லை, இன்னொன்று தாருங்கள் என்று மாசா மாசம் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் மாசா மாசம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழத்துக்கா என்றேன். மதினி பொறுமையாகச் சொன்னாள். "அந்த ஆளுக்கு ஒரு சின்னக் கீறலைக்கூட மறைக்கத் தெரியாது கோமு. மத்தவுங்க எல்லாம் எம்மேல இரக்கப்படுதாவ. அவர் கேட்டதைக் கேட்டபடி சொல்லுவார்."

அனுப்புவதற்கு முன்னால் வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டைப் போட்டாள். நான் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். நாகஸ்வரம் நடைக்குக் கேட்டது. மத்தியானம். அடுப்படியில் சோறு வடித்து இறக்கியிருப்பாள்போல. அந்த நாகஸ்வரமும் அந்த வெயிலும் வடித்த கஞ்சி வாசனையும் சேர்ந்து என்ன செய்ததோ, மூடிய கதவுக்குள் இருந்து, அண்ணாச்சி போனபிறகு முதல் தடவையாக, அந்தக் குரல் வந்தது. "சோறு ஆறுது, வாங்க."

ஒரே ஒரு தடவை. நான் தராசைப் பிடித்தபடியே நின்றேன். எதிர் வீடுகளில் எல்லாம் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மதினி கதவைத் திறந்து வந்தாள், முகம் வெளுத்திருந்தது. பழக்க தோஷத்தில் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன், ரெக்கார்டு ஓடும்போது பேசக்கூடாது என்று நான்தானே சொல்லுவேன், கடைசி ஒன்றையும் கெடுத்துவிட்டேனோ என்றாள். அதெல்லாம் ஒன்றும் கெடாது என்று சொல்லி நானே அட்டை வெட்டிக் கொடுத்தேன். நெடுக்கு வரி ஒன்று, குறுக்கு வரி ஒன்று. தபாலாபீஸுக்கு அன்றைக்கு வளவே கூட வந்தது.

சந்தனசாமியிடம் இருந்து போன் வந்தது ஒரு காலை நேரத்தில். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றார். அம்மா நிற்கிறார்கள், சொல்லுங்கள் என்றேன். அவர் முதலில் பழுதுகளைச் சொன்னார். முதல் பக்கம் தொடக்கத்தில் லேசான சொடக்கு, விளிம்பில் ஒரு நகக் கீறல், ஓட்டத்துக்குத் தடையில்லை. மதினி ம் என்றாள். பிறகு அவர் குரல் மாறியது.

"அம்மா, நான் கேட்டதைச் சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். முதல் பக்கம் முடியப் போற நேரம், ஒரு பெண் குரல் வருது. தூரத்துல இருந்து. சோறு ஆறுது, வாங்கன்னு."

மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் என் ரவிக்கையைத் தாண்டி இறங்கியது.

"உடனே உங்க வீட்டுக்காரர் குரல். அவர் பக்கத்துல இருக்கார், ஊசிக்கு ரொம்பப் பக்கத்துல. வாரேன் வாரேன், சோத்தைப் போடுன்னு சொல்றார்."

மதினி எத்தனை தடவை கூப்பிட்டபிறகு சொன்னார் என்று கேட்டாள். சந்தனசாமி ஒரு தடவைதான் என்றார். அவள் நம்பாமல் திரும்பக் கேட்டாள், ஒரு தடவை கூப்பிட்டதுக்கேவா. ஆமாம்மா, பெண் குரல் முடிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், காத்துக்கொண்டே இருந்த மாதிரி என்றார். அதற்குப் பிறகு நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம், ஒரு காலில் ரப்பர் இல்லாத நாற்காலியாக இருக்க வேண்டும், பிறகு செருப்பு போடுகிற சத்தம், பிறகு கதவு. அப்புறம் நாகஸ்வரம் மட்டும்தான் என்றார். மறுபக்கத்தில் அவர் இல்லை அம்மா, ரெக்கார்டு பூராவும் தேடிவிட்டேன், எழுந்து போய்விட்டார் என்றார். அந்தக் கறார் மனுஷன் அழுதது போனில் தெளிவாகக் கேட்டது.

மதினி போனைக்கூடப் பார்க்கவில்லை. ஐயோ உலை வைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அதே வாரம் மற்ற எல்லாரிடம் இருந்தும் போன் வர ஆரம்பித்தது. பெங்களூரில் அண்ணாச்சி பேசவில்லை. ஜெர்மனியில் பேசவில்லை. என் வீட்டு ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தேன், பருப்பு மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வெறும் பாட்டு. பேசுகிற ரெக்கார்டு என்று சொல்லித்தானே விற்றீர்கள், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒன்றிரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். நான் அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினேன். மதினி என்னை அமர்த்திவிட்டு, எல்லாருக்கும் ஒரே பதிலை அனுப்பச் சொன்னாள், அதைத்தான் அனுப்பினேன்: அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்கிறார்.

ஆனால் அண்ணாச்சி வந்து சேரவில்லை. முதல் நாள் மதினி இரண்டு தட்டு வைத்து, சோற்றைப் போட்டு, தண்ணீர் மொண்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி வரை பார்த்துவிட்டு நான் உள்ளே போனேன். சோறு போட்டது போட்டபடி இருந்தது. மதினி, அவர் வருகிறேன் என்றுதானே சொன்னார், அதுவே போதாதா, நீங்கள் சாப்பிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் என்னை ஒரு பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வருவாவ கோமு. நாந்தானட்டி அவ்வொள அவ்வளவு தூரம் அனுப்பி வச்சேன். கடல் தாண்டி நடந்து வரணும்லா. நாளாகும்."

இப்போது எங்கள் வளவில் மத்தியானம் யாரும் வாசல் கதவைத் தாழ்போடுவதில்லை. நடையில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவதில்லை. நானும் அந்த நேரத்தில் கடையில் இருந்து எட்டித் தெருமுனையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன். சந்தனசாமி வாரத்துக்கு ஒரு தரம் போன் செய்து, வந்துவிட்டாரா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்று சொன்னால், சரி என்று வைத்துவிடுகிறார்.

நேற்று மதினி புளி வாங்க வந்தாள். முந்தாநாள்தானே வாங்கினீர்கள், என்ன தினமும் புளிக்குழம்பா, ஒரு நாளாவது சாம்பார் வைக்கக்கூடாதா, உங்கள் வயிறு என்னத்துக்கு ஆகும் என்று ஏசினேன். சாம்பார் சாயங்காலத்துக்குள் ஊசிப்போய்விடும் என்றாள். புளிக்குழம்பு என்றால் அவர் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் இருக்கும். புளியை முந்தானையில் முடிந்துகொண்டு, உலை கொதித்துவிடும் என்று வேகமாகப் போனாள்.